சூட்கேஸ் ஸ்ட்ரைக்கர்!

ஒரு சின்ன கற்பனை. ஃபைனல் இயர் பிராஜெக்ட். உங்க டீம் செம செட்! நீங்க வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடியே உங்க மனசுல இருக்கிறதைச் செஞ்சு வைக்கிற ஒரு பார்ட்னர். திட்டவே தெரியாத கைடு (அட, கற்பனைதானே!). பாதி வேலை நடந்துட்டிருக்கும்போதே ஒரு கம்பெனி வந்து ஆஃபர் லெட்டரை நீட்டுது. பேக்கேஜைப் பார்த்ததும் கண்ணை மூடிட்டு கையெழுத்துப் போட்டுடறீங்க. அப்புறம் பார்த்தா, அதே பிராஜெக்ட் ஆல் இந்தியா லெவல்ல முதல் பரிசு அடிக்குது. மீதிப் பேர் எல்லாம் அப்படியே சேர்ந்து அடுத்த ரவுண்டுக்கு வெளிநாடு போறாங்க. நீங்க மட்டும் புது கம்பெனியில ஐ.டி. கார்டுக்கு போட்டோ எடுத்துக்கிட்டு இருக்கீங்க.

2004 மே மாசம், ஜெர்மனியில ஒரு மனுஷன் நிஜமாவே இந்த நிலைமையில நின்னார். அந்த சீசன் ஜெர்மன் லீக்ல அதிக கோல் அடிச்சவர் அவர்தான். சாம்பியன் கப்பைத் தூக்கினது அவர் டீம்தான். ஊரே ரோட்டுக்கு வந்து ஆடிட்டிருக்கு. இவர் கண்ணுல மட்டும் தண்ணி. ஏன்னா அடுத்த சீசனுக்கு வேற கிளப்ல எப்பவோ கையெழுத்துப் போட்டாச்சு!

பேரு ஐல்டன். முழுப் பேர் ஐல்டன் கொன்சால்வ்ஸ் ட சில்வா. பிரேசில்காரர்.

'பிரேசில் ஸ்ட்ரைக்கர்னா ரொமாரியோ தெரியும், ரொனால்டோ தெரியும், இது யாருப்பா'ன்னு நீங்க கேட்கிறது நியாயம்தான். ஐல்டன் பிரேசில் மஞ்சள் ஜெர்ஸியில ஒரு மேட்ச் கூட ஆடினதில்ல. ஒண்ணு கூட! ஜெர்மனியோட முதல் டிவிஷனான புன்டஸ்லிகாவில 219 மேட்ச்ல 106 கோல் அடிச்ச ஆளுக்கு இந்த நிலைமை. அதனால்தான் இந்த வாரம் இவரைப் பிடிச்சேன். உலகக் கோப்பை ஹீரோக்களைப் பத்தி எழுத ஆயிரம் பேர் இருக்காங்க. இவருக்கு நாமதான்.

ஃபிளாஷ்பேக்குக்குப் போவோமா? 1973 ஜூலை 19. பிரேசிலோட வடகிழக்குல பரைபா மாநிலம். அதுல மொஜெய்ரோன்னு ஒரு சின்ன ஊர். கோபகபானா பீச், சம்பா டான்ஸ்னு நாம பார்க்கிற போஸ்ட்கார்டு பிரேசில் இல்ல இது. வறட்சியும் ஏழ்மையும் அதிகம் உள்ள பக்கம். அங்கேயிருந்து கிளம்பி, நாலஞ்சு பிரேசில் கிளப்ல ஆடி, மெக்சிகோவோட டைக்ரஸ் கிளப்புக்குப் போய், 1998-ல ஜெர்மனியோட வடக்குப் பக்கம் இருக்கிற பிரேமன் ஊருக்கு வந்து இறங்கினார். கிளப் பேரு வெர்டர் பிரேமன்.

வந்த புதுசுல பெரும்பாலும் பெஞ்சுதான். குளிர் புதுசு, பாஷை புதுசு. நம்ம ஊர்லேர்ந்து டெல்லிக்கு ட்ரெய்னிங் போனவன் மாதிரி திருதிருன்னு முழிச்சிருக்கார். அதுவும் அப்போ இருந்த கோச் ஃபெலிக்ஸ் மகாத், ட்ரெய்னிங்ல பிழிஞ்சு எடுக்கிறதுக்குப் பேர் போனவர். நம்மாளோ ஓடுறதுக்கு அலுத்துக்கிற டைப். ஒட்டுமா?

1999 மே மாசம் தாமஸ் ஷாஃப் கோச்சா வந்தார். பிரேமன்லயே ஆடி, பிரேமன்லயே பயிற்சி கொடுத்து, வேற ஊரே தெரியாத மனுஷன். அதிகம் பேச மாட்டார். அவர்தான் ஐல்டனை எப்படி யூஸ் பண்றதுன்னு கண்டுபிடிச்சவர்.

இங்கே ஐல்டனோட உடம்பைப் பத்திச் சொல்லியாகணும். சிக்ஸ் பேக் எல்லாம் தேடாதீங்க. உருண்டு திரண்ட உடம்பு. சில சீசன் ஆரம்பத்துல தொப்பை எட்டிப் பார்க்கும். லீவுக்கு பிரேசில் போனா சொன்ன தேதிக்குத் திரும்பி வர்ற வழக்கமே கிடையாது. கிளப் ஃபைன் போடும், சிரிச்சுக்கிட்டே கட்டுவார். (நம்ம ஹாஸ்டல்ல பொங்கல் லீவு முடிஞ்சு நாலு நாள் கழிச்சு முறுக்கு டப்பாவோட வருவானே ஒருத்தன், அதே கேரக்டர்!) ஆனா பந்து காலுக்கு முன்னாடி விழுந்துட்டா முதல் பத்து மீட்டர்ல அவரைப் பிடிக்க ஆளே கிடையாது. ஜெர்மன் ரசிகர்கள் வெச்ச பேரு 'குகல்பிளிட்ஸ்'. பந்து மாதிரி உருண்டையா வர்ற மின்னலுக்கு அவங்க பாஷையில அதான் பேரு. கிண்டலும் இருக்கு, பாசமும் இருக்கு. இதைவிடப் பொருத்தமா யாரும் பேர் வைக்க முடியாது!

இப்ப ஒரு சின்ன டெக்னிக்கல் மேட்டர். போரடிக்காது, பயப்படாதீங்க. ஷாஃப் தன்னோட நாலு மிட்ஃபீல்டர்களை டைமண்ட் வடிவத்துல நிறுத்துவார். கீழ் முனையில கேப்டன் பவுமன். மேல் முனையில யோஹன் மிக்கூ. பிரான்ஸ்காரர், 2002-ல இத்தாலியோட பார்மா கிளப்லேர்ந்து வந்தவர். ஜிதேன் ஆடின காலத்துல ஜிதேனோட இடத்துலயே ஆடப் பிறந்ததால பிரான்ஸ் டீம்ல பெரும்பாலும் பெஞ்சைத் தேய்ச்ச பாவப்பட்ட ஜீவன். ஆனா கண்ணு இருக்கே... எதிர் டீம் டிஃபெண்டர் ரெண்டு பேருக்கு நடுவுல ஊசி நுழையற இடம் கிடைச்சா அதுல பந்தை நுழைப்பார்.

அந்தப் பந்து போய்ச் சேர்ற இடத்துக்கு, சரியான நொடியில ஓடி வர்றவர் ஐல்டன். அரை நொடி முன்னாடி ஓடினா ஆஃப்சைடு. அரை நொடி லேட்டானா டிஃபெண்டர் காலுக்குப் போயிடும். இதை ரூல் போட்டு யாருக்கும் சொல்லிக் கொடுக்க முடியாது. ரெண்டு பேரும் சேர்ந்து ஆடி ஆடி வர்ற விஷயம். இந்தப் பக்கம் க்ரோயேஷியாக்காரர் இவான் க்ளஸ்னிச் டிஃபெண்டர்களை இழுத்துக்கிட்டுப் போவார், அந்தப் பக்கம் மிக்கூ பாஸை விடுவார், நடுவுல நம்ம உருண்டை மின்னல்! 2003-04 சீசன்ல பிரேமன் லீக்ல அடிச்ச கோல் 79. அதுல 28 ஐல்டனோடது. அதாவது மூணுல ஒண்ணுக்கும் மேல.

சரி, வில்லங்கத்துக்கு வருவோம். அந்த சீசன்ல ஐல்டன் முன்னாடி ரெண்டு பேப்பர் வந்துச்சு.

முதல் பேப்பர், ஷால்கே கிளப் நீட்டினது. ஐரோப்பாவில 1995-ல போஸ்மன்னு ஒரு பெல்ஜியம் பிளேயர் போட்ட கேஸ்ல கோர்ட் தீர்ப்பு சொல்லுச்சு: கான்ட்ராக்ட் முடிஞ்சுட்டா பிளேயர் ஃப்ரீயா வேற கிளப்புக்குப் போகலாம், பழைய கிளப்புக்குப் பணம் கட்ட வேண்டாம். கிளப்புக்குப் போக வேண்டிய பணத்துல ஒரு பங்கு பிளேயர் பாக்கெட்டுக்கே வரும். ஐல்டனோட கான்ட்ராக்ட் 2004-ல முடியுது. வயசு 30. ஸ்ட்ரைக்கருக்கு அது சாயங்காலம் மாதிரி. கடைசியா ஒரு பெரிய கான்ட்ராக்ட் கிடைக்கிற வயசு. சீசன் முடியறதுக்குப் பல மாசம் முன்னாடியே கையெழுத்துப் போட்டுட்டார். கூடவே பிரேமனோட டிஃபெண்டர் கிரஸ்டாயிச்சும் அதே ஷால்கேவுக்குப் போட்டுட்டார்.

அந்த நேரத்துல இதை முட்டாள்தனம்னு சொல்லிட முடியாது. ஷால்கே பெரிய கிளப், புது ஸ்டேடியம், பெரிய ஆசை. பிரேமன் இந்த அளவுக்கு அடிச்சு நொறுக்கும்னு யாரு கண்டா?

ரெண்டாவது பேப்பர்தான் சுவாரஸ்யம். 2004 மார்ச்ல வந்துச்சு. அனுப்பினது கிளப் இல்ல, ஒரு நாடு! கத்தார். 'எங்க பாஸ்போர்ட் தர்றோம், எங்க தேசிய டீமுக்கு ஆடுங்க'ன்னு கூப்பிட்டாங்க. யூரோவில ஏழு இலக்கத் தொகைன்னு அப்போ பத்திரிகைகள் எழுதித் தள்ளின. டார்ட்மண்ட் கிளப்ல ஆடின இன்னொரு பிரேசில்காரர் டெடேவுக்கும், அவர் சகோதரர் லியாண்ட்ரோவுக்கும் இதே அழைப்பு.

ஐல்டன் 'சரி'ன்னார். அவர் பக்கத்துலேர்ந்து யோசிச்சுப் பாருங்க. பிரேசில்ல அப்போ ஸ்ட்ரைக்கர் க்யூ எவ்வளவு நீளம்! ரொனால்டோ, அட்ரியானோ, லூயிஸ் ஃபேபியானோ... அந்த வருஷம் ஜூலையில கோபா அமெரிக்கா போட்டிக்கு கோச் பெரைரா பெரிய தலைகளுக்கு ரெஸ்ட் கொடுத்துட்டு ரெண்டாவது டீமைத்தான் அனுப்பினார். அதுல கூட ஐல்டன் பேர் இல்ல! அந்த ரெண்டாவது டீமே அர்ஜென்டினாவை பெனால்டியில சாய்ச்சு கப்பைத் தூக்கிட்டு வந்ததுன்னா பார்த்துக்குங்க. இந்த க்யூவில நின்னு டிக்கெட் எடுக்கிறது எந்தக் காலத்துல நடக்கும்?

ஆனா ஃபிஃபா சும்மா இருக்கல. அதே மார்ச் மாசம் அவசரக் கமிட்டியைக் கூட்டி, ஒரு புது ரூல் போட்டுச்சு. ஒரு நாட்டுக்கு ஆடணும்னா அந்த நாட்டோட தெளிவான தொடர்பு இருக்கணும். ஒண்ணு, நீங்க அங்கே பிறந்திருக்கணும். இல்லைன்னா அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி யாராவது அங்கே பிறந்திருக்கணும். அதுவும் இல்லைன்னா குறைஞ்சது ரெண்டு வருஷம் அங்கே வாழ்ந்திருக்கணும். ஐல்டனுக்கும் கத்தாருக்கும் இருந்த ஒரே தொடர்பு அந்த அழைப்புதான். கதை க்ளோஸ். (2008-ல இந்த ரெண்டு வருஷத்தை, 18 வயசுக்கு அப்புறம் அஞ்சு வருஷம்னு இன்னும் டைட் பண்ணினாங்க.) உலகம் முழுக்க பிளேயர்களைக் கட்டுப்படுத்தின ஒரு ரூல் பிறந்ததுக்குக் காரணமானவங்கள்ல நம்ம தொப்பை மின்னலும் ஒருத்தர்!

எனக்கு இதுல ஒரு விஷயம் ரொம்ப உறுத்துது. 'ரெண்டு வருஷம் வாழ்ந்திருக்கணும்'னு ரூல் சொல்லுது இல்லையா? ஐல்டன் அப்போ அஞ்சு வருஷத்துக்கும் மேல வாழ்ந்துக்கிட்டிருந்த ஒரு நாடு இருந்துச்சு. ஜெர்மனி! குடியுரிமை, பாஷைப் பரீட்சைன்னு நடுவுல ஆயிரம் படிக்கட்டு இருக்கு, ஒத்துக்கிறேன். அந்த ரூட்டுல ஐல்டன் போகவே இல்ல. ஆனா அந்த கோடையில நடந்த யூரோ 2004-ல ஜெர்மனி என்ன கிழிச்சதுன்னு பாருங்க. மூணு மேட்ச், மொத்தமா ரெண்டே கோல். ஒண்ணு ஃப்ரிங்ஸ், ஒண்ணு பல்லாக். ரெண்டு பேருமே மிட்ஃபீல்டர்! ஸ்ட்ரைக்கர்கள் பக்கம் முட்டை. லாட்வியாகிட்ட கூட 0-0. முதல் ரவுண்டோட மூட்டை கட்டினாங்க. அந்த நாட்டு லீக்ல 28 கோல் அடிச்சவர் எந்த நாட்டுக்கும் ஆட முடியாம டி.வி. பார்க்கிற நிலைமையில இருந்தார்.

அதே வருஷம் ஜெர்மன் பத்திரிகைக்காரங்க ஓட்டுப் போட்டு 'வருஷத்தோட சிறந்த ஃபுட்பாலர்'னு அவரைத் தேர்ந்தெடுத்தாங்க. அந்த விருதை வாங்கின முதல் வெளிநாட்டுக்காரர் ஐல்டன்தான். ஜெர்மனி அவருக்கு விருது கொடுத்துச்சு, கத்தார் பாஸ்போர்ட் கொடுக்கப் பார்த்துச்சு. பிரேசில் மட்டும் ஒரு ஜெர்ஸி கூடக் கொடுக்கல!

சரி... மே 8, 2004-க்கு வருவோம். உங்கள்ல பல பேர் அன்னைக்குப் பிறந்திருக்கவே மாட்டீங்க, நானும்தான். ஹாஸ்டல் வை-ஃபைல சுத்திச் சுத்தி லோடு ஆகி ஒரு வழியா அந்த மேட்ச் ஹைலைட்ஸைப் பார்த்தேன். மியூனிக் ஒலிம்பிக் ஸ்டேடியம். எதிர்ல பயர்ன் மியூனிக், அவங்க சொந்த மைதானம். சீசன்ல இன்னும் மூணே மேட்ச் பாக்கி. பிரேமன் ஜெயிச்சா அன்னைக்கே சாம்பியன்.

19-வது நிமிஷம், பயர்ன் கோல்கீப்பர் ஆலிவர் கான், சாதாரணப் பந்தைக் கையில வாங்கி நழுவ விடறார். கான்! 2002 உலகக் கோப்பையோட தங்கப் பந்து வாங்கினவர்! க்ளஸ்னிச் லட்டு மாதிரி அதை உள்ளே தள்ளறார். 26-வது நிமிஷம், மிக்கூ கான் தலைக்கு மேல பந்தைத் தூக்கிப் போடறார். 35-வது நிமிஷம் ஐல்டன். பாக்ஸ் விளிம்புலேர்ந்து ஒரு வளைவு ஷாட். ஓடி வந்து மோதுற அவரோட வழக்கமான கோல் மாதிரியே இல்ல. நிதானமா, பார்த்துப் பார்த்து அடிச்ச கோல். 0-3! அப்புறம் மக்காய் ஒண்ணைத் திருப்பினார், ஆனா அது சாம்பார் தீர்ந்த அப்புறம் வந்த வடை. 3-1. பிரேமன் சாம்பியன்.

மூணு வாரம் கழிச்சு, மே 29, பெர்லின்ல ஜெர்மன் கப் ஃபைனல். ஆஹன் டீமை 3-2-ன்னு ஜெயிச்சாங்க. லீக், கப் ரெண்டும் ஒரே சீசன்ல. பிரேமனோட சரித்திரத்துலயே முதல் முறை. நம்மாளு அழுத அழுகையை ஜெர்மனியே டி.வி.யில பார்த்துச்சு. அந்த அழுகையில சந்தோஷம் எவ்வளவு, 'அய்யோ'ங்கறது எவ்வளவுன்னு பிரிக்கிறது கஷ்டம்.

ஏன்னா கணக்கைப் பாருங்க. சாம்பியன் ஆனதால அடுத்த சீசன் பிரேமனுக்கு சாம்பியன்ஸ் லீக் டிக்கெட். இன்டர் மிலான், வேலன்சியான்னு பெரிய தலைகளோட மேட்ச். ஷால்கே அந்த சீசன்ல முடிச்சது ஏழாவது இடம். சாம்பியன்ஸ் லீக்கே கிடையாது. ஐல்டனோட 28 கோல்ல வாங்கின டிக்கெட்டுல வேற யாரோ ட்ரெய்ன் ஏறினாங்க!

அந்த 'வேற யாரோ' யார் தெரியுமா? மிரோஸ்லாவ் க்ளோஸ. ஐல்டன் இடத்துக்கு பிரேமன் 2004-ல எடுத்தது அவரைத்தான். அதே டைமண்ட், அதே மிக்கூ. 2005-06 சீசன்ல க்ளோஸ 25 கோல், லீக்லயே டாப் ஸ்கோரர்! இதைப் படிச்சதும், 'ஓ, அப்போ அந்த இடத்துல லாம்ப் போஸ்ட்டை நிறுத்தினாலும் கோல் அடிக்கும்போல'ன்னு தோணுச்சு. ஐல்டன் மேல இருந்த மரியாதை கொஞ்சம் குறைஞ்சுது கூட. ஆனா அது தப்பு. க்ளோஸ எங்கே போனாலும் அடிச்சார். உலகக் கோப்பையில மட்டும் 16 கோல், நாலு உலகக் கோப்பையில பரப்பி. அவர் திறமை சூட்கேஸ்ல மடிச்சு வெச்சு எடுத்துட்டுப் போற டைப். ஐல்டனோட திறமைக்கு ஒரு குறிப்பிட்ட ஊர், ஒரு குறிப்பிட்ட கோச், ஒரு குறிப்பிட்ட பாஸ் தேவைப்பட்டுச்சு. பாதி அவர் கால்ல இருந்துச்சு, மீதிப் பாதி மிக்கூ கால்ல. அதுக்காக அவரோட பாதி பொய்யாயிடுமா என்ன?

ஷால்கேவுல அவர் ஒண்ணும் சொதப்பிடல. லீக்ல 14 கோல், டீம் ரெண்டாவது இடம், கப் ஃபைனல் வரைக்கும் போய் பயர்ன்கிட்ட தோல்வி. வேற ஒருத்தரா இருந்தா 'நல்ல சீசன்'னு தட்டிக் கொடுத்திருப்பாங்க. 28-க்கு அப்புறம் வர்ற 14, பாதியாத்தான் தெரியும். ஒரே வருஷத்துல கைகழுவிட்டாங்க.

அதுக்கப்புறம்தான் சூட்கேஸ் படலம். மூச்சைப் பிடிச்சுக்குங்க. 2005 கோடையில துருக்கி, பெஷிக்டாஷ் கிளப். 2006 ஜனவரியில திரும்ப ஜெர்மனி, ஹாம்பர்க். (அந்த சீசனோட கடைசி மேட்ச்ல ஹாம்பர்கை அதோட சொந்த மைதானத்துல தோற்கடிச்சு ரெண்டாவது இடத்தைப் பறிச்சுட்டுப் போனது யாரு? பிரேமன்தான். விதி காமெடி பண்றதுக்கு அளவே இல்ல.) அப்புறம் செர்பியாவுல ரெட் ஸ்டார் பெல்கிரேட். அங்கேயிருந்து சுவிட்சர்லாந்து, கிராஸ்ஹாப்பர். மறுபடி ஜெர்மனி, டூயிஸ்பர்க்: ஒரே ஒரு கோல். 2008 ஆரம்பத்துல உக்ரைன், மெடலூர் டொனெட்ஸ்க். ரெண்டரை வருஷம் சொச்சத்துல ஆறு கிளப், அஞ்சு நாடு! நாம செமஸ்டருக்கு செமஸ்டர் ரூம் மாத்தறதே பெரிய கஷ்டம்னு புலம்புறோம்.

இன்னும் முடியல. ஆஸ்திரியாவுல ஆல்டாக். சொந்த மாநிலமான பரைபாவுல காம்பினென்ஸே. சீனாவுல சோங்சிங். அப்புறம் ஜெர்மனியோட ஆறாவது டிவிஷன்ல உர்டிங்கன். ஆறாவது டிவிஷன்! நம்ம ஊர்ல ஞாயித்துக்கிழமை டோர்னமென்டுக்கு மாஜி இந்தியா பிளேயர் வந்து ஆடற மாதிரி. டிக்கெட் கவுன்டர்ல கூட்டம் சேர்க்கிறதுக்கு ஐல்டன் பேர் போதும், அதுக்குத்தான் கூப்பிட்டாங்க. அவருக்கும் அது தெரியாம இருந்திருக்காது.

2010-ல ஓபர்நியூலான்ட்னு ஒரு நாலாவது டிவிஷன் கிளப். இது எங்கே இருக்கு தெரியுமா? பிரேமன்லயே ஒரு ஏரியா! ஊரைச் சுத்தி, உலகத்தைச் சுத்தி, கடைசியில பழைய வீட்டுக்குப் பின்பக்கம் வந்து நின்ன கதை. 40 ஆயிரம் பேர் கத்தின வெர்டர் ஸ்டேடியம் அதே ஊர்ல இருக்கு, இவர் அங்கே ஒரு மூலையில சின்ன மைதானத்துல ஆடிட்டிருந்தார். 2012-ல ஜெர்மன் டி.வி. ஷோ ஒண்ணுல காட்டுக்குள்ள போய் உட்கார்ந்து, பூச்சி புழுவுக்கு நடுவுல நாள் கழிச்சார். அதே வருஷம் பிங்கன்னு இன்னொரு குட்டி ஊர் கிளப்.

பிரேமனை விட்டுட்டுப் போனது பெரிய தப்புன்னு ஐல்டனே பின்னாடி பேட்டிகள்ல ஒத்துக்கிட்டார். சரி, ஒத்துக்கிட்டார்னா நாமளும் உடனே தலையாட்டிடணுமா? எனக்கு அதுல முழுசா உடன்பாடு இல்ல. மொஜெய்ரோவுல பிறந்து, 30 வயசுல, இதுதான் கடைசி பெரிய சம்பளம்னு தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட 'விசுவாசமா இரு'ன்னு சொல்ல நமக்கு என்ன தகுதி இருக்கு? அதே வருஷம் அவர் பிரேமன்லயே இருந்து, அடுத்த மாசம் முட்டி உடைஞ்சிருந்தா? அப்போ இதே வாயால 'வந்த ஆஃபரை விட்டுட்டான் பாரு, ஏமாளி'ன்னுதானே சொல்லியிருப்போம்? கையெழுத்துப் போட்டப்போ அவருக்கு 28 கோல் தெரியாது. சாம்பியன் தெரியாது. தெரிஞ்சதெல்லாம் வயசும் தொகையும்தான். ஷால்கே கையெழுத்தை நான் தப்புன்னு சொல்ல மாட்டேன். அதுக்கப்புறம் ஆறு மாசத்துக்கு ஒரு ஊர்னு ஓடினதைத்தான் தப்புன்னு சொல்வேன். எந்த ஊர்லயும் ஒரு மிக்கூ அவரைப் புரிஞ்சுக்கிறதுக்குள்ள அவர் அடுத்த ஏர்போர்ட்டுல இருந்தார்.

2014 செப்டம்பர் 6. ஐல்டனுக்கு 41 வயசு. வழியனுப்பு மேட்ச். வேசர் நதிக்கரையில இருக்கிற அதே வெர்டர் ஸ்டேடியம். 2004-ல அவரோட சேர்ந்து ரெண்டு கப்பையும் தூக்கின பழைய கூட்டாளிகள் மறுபடி பச்சை-வெள்ளை ஜெர்ஸி மாட்டிக்கிட்டு வந்தாங்க. நிறைய பேருக்கு முடி கொட்டியிருந்துச்சு, தொப்பை போட்டிருந்துச்சு. முதல் தடவையா ஐல்டன் தொப்பை மட்டும் தனியாத் தெரியல! பத்து வருஷத்துக்கு முன்னாடி விட்டுட்டுப் போன ஒருத்தருக்காக ஸ்டேடியம் முழுக்க ஜனம். ஆறு கிளப்ல, ஏழு கிளப்ல வேற எங்கேயும் இப்படி ஒரு விழா அவருக்கு நடக்கல.

இந்தக் கதையை நேத்து ராத்திரி என் ரூம்மேட்டுக்குச் சொல்லிட்டிருந்தேன். அவன் கையில ரெண்டு ஆஃபர் இருக்கு. ஒண்ணு சம்பளம் கம்மி, ஆனா இன்டர்ன்ஷிப் பண்ணின இடம், ஆளுங்க தெரிஞ்சவங்க. இன்னொண்ணு ரெண்டு மடங்கு. முழுசா கேட்டுட்டு, கொஞ்ச நேரம் ஃபேனையே பார்த்துக்கிட்டிருந்தான்.

"ஏன்டா, அங்கே ஒரு மிக்கூ இருக்கானா இல்லையான்னு சேர்றதுக்கு முன்னாடி எப்படிடா தெரியும்?"ன்னான்.

நான் லேப்டாப்பை மூடி வெச்சேன். அவன் திரும்பவும் திறந்து, அந்த 35-வது நிமிஷ கோலை இன்னொரு தடவை போட்டுப் பார்த்தான்.